மலைக்கு அந்தப் பக்கம் ஒரு விசில்

எண்பதுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது நான் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வைண்டிங் செக்‌ஷனில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சின்ன பாபின்களில் வரும் நூலைப் பெரிய கோன்களில் சுற்றுகிற வேலை. கல்யாணமாகி அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவள் நான். எங்கள் ஊரில் எந்தத் திசையில் பார்த்தாலும் கரிசல் காடும் வானமும்தான். அதனாலோ என்னவோ, ராஜபாளையத்துக்கு வந்த நாளிலிருந்து மேற்கே நிற்கிற அந்த மலை என்னைப் பிடித்துக்கொண்டது. வேலை முடிந்து மில் வாசலைத் தாண்டினால் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

"மலைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "அந்தப் பக்கமும் மலைதான்" என்றார். மாமியாரிடம் கேட்டேன். "தெரிஞ்சு என்ன செய்யப் போற?" என்றார். பிறந்ததிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது மலை அல்ல, வீட்டுச் சுவர். கடைசியில் பஞ்சு லோடு கொண்டுவந்த ஒரு லாரி டிரைவர்தான் போகிற போக்கில் சொன்னார்: "அந்தப் பக்கம் தேக்கடி ஏரிம்மா. அம்மாம் பெரிசு. யானை எல்லாம் தண்ணி குடிக்க வரும். ஆனா இங்கேருந்து நேராப் போக வழி கிடையாது, சுத்தித்தான் போகணும்."

அவ்வளவுதான். அன்றிலிருந்து எனக்கு வேறு பேச்சே இல்லை. எங்கள் செக்‌ஷனில் பெண்கள் இருபது பேருக்கு மேல் இருந்தோம். சுற்றுலா என்றால் திருச்செந்தூர், இல்லாவிட்டால் பழனி. அதுவும் புருஷன், பிள்ளை, மாமியார், தூக்குச்சட்டி சகிதம். போன இடத்திலும் பிள்ளைக்குச் சோறு ஊட்டி, மாமியாருக்கு வெந்நீர் தேடி, வீட்டில் பார்க்கிற அதே வேலையைப் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். இந்தத் தடவை நாம் மட்டும் போவோம், ஏரிக்குப் போவோம் என்று நான் எல்லாரையும் கிளப்பிவிட்டேன். யானையை நானே கட்டிப்போட்டு வைத்திருப்பதுபோல, "யானைக்கு நான் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

வீடுகளில் கேட்டபோதுதான் விவகாரம் தெரிந்தது. "பொம்பளைக மட்டுமா? துணைக்கு யாரு வாரா?" எல்லா வீட்டிலும் இந்த ஒரே கேள்வி. அதற்கு எங்களிடம் இருந்த ஒரே பதில், ஸ்ரீவில்லிபுத்தூர் அக்கா.

அந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வேலைக்கு வருவார். ஆண்டாள் கோயிலுக்குப் போகாமல் பஸ் ஏற மாட்டார். அப்போது நாற்பது வயதுதான் இருக்கும், ஆனால் தெருவில் நடந்தால் முந்தானை தோளை விட்டு நழுவாது, தலை நிமிராது. சிரித்தாலும் வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் சிரிப்பார். "அவிய வாராகன்னா சரி, போய்ட்டு வா" என்று என் வீட்டுக்காரர் சொன்னார். ஏறக்குறைய எல்லா வீட்டுக்காரர்களும் அதையே சொன்னார்கள். கூடவே ஒரு வாலும் இருந்தது: "ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா இதுதான் மொதலும் கடைசியும். பொறவு வாசப்படி தாண்டுற பேச்சே கூடாது." ஆக, எங்கள் பயணம் நல்லபடியாக முடிந்தால் அடுத்த வருஷமும் உண்டு. முடியாவிட்டால் ஆயுசுக்கும் இல்லை. இந்த மொத்தப் பாரமும் அந்த அக்கா தலையில்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மில்லுக்குள் மிஷின் ஓடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவள் கத்தினாலும் காதில் விழாது. அதனால் எங்களுக்கென்று ஒரு கை பாஷை இருந்தது. கட்டை விரலை வாய்க்கு நேரே சாய்த்தால் டீ. மணிக்கட்டைத் தட்டினால் நேரம் என்ன. மேலுதட்டின் மேல் விரலை வைத்து மீசையை முறுக்குவதுபோலக் காட்டினால் மேஸ்திரி வருகிறார். எங்கள் மேஸ்திரிக்கு அப்படியொரு மீசை. அந்தச் சைகையைக் கண்டால் பேசிக்கொண்டு நிற்கிறவள், பூத்தொடுக்கிறவள், முறுக்கு கடிக்கிறவள் எல்லாரும் கண்ணிமைக்கும் நேரத்தில் அவரவர் மிஷின் முன்னால் நிற்பார்கள். யோசிக்கவே வேண்டாம், கால் தானாகப் போகும். எட்ட நிற்கிறவளைத் திரும்பிப் பார்க்க வைக்க விசில்தான். இரண்டு விரலை நாக்குக்கு அடியில் மடித்து அடிக்கிற விசில் மட்டும்தான் மிஷின் சத்தத்தைக் கிழித்துக்கொண்டு போகும். உள்ளே நாங்கள் எல்லாருமே விசில் அடிப்போம். மில் வாசலைத் தாண்டிவிட்டால் எங்களுக்கு விசில் என்றால் என்னவென்றே தெரியாது. பொம்பளை தெருவில் விசில் அடித்தாள் என்றால் அவள் கதி என்ன?

மாசி மாதம், மில் விடுமுறை நாளில், விடியும் முன்பே பஸ் புறப்பட்டது. புளியோதரை வாளிகள், சீடை, முறுக்கு, அக்கா கொண்டுவந்த பால்கோவா. கிருஷ்ணன்கோவில் தாண்டி, தே.கல்லுப்பட்டி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி என்று வளைந்து வளைந்து போனோம். மலை இடது கைப் பக்கமாகவே வந்தது. சில நேரம் தள்ளிப் போய்விடும், பிறகு கிட்டே வந்துவிடும். கம்பம் தாண்டும்போதும் இடது பக்கம்தான். அக்கா அதைக் கவனித்துவிட்டார்.

"ஏட்டி, சாமியை வலமாத்தான சுத்தணும்? நாம இடமாச் சுத்திக்கிட்டு இருக்கோமே" என்றார்.

"மலை என்ன சாமியா அக்கா?" என்றாள் எங்கள் செக்‌ஷனிலேயே வாயாடியான செட்டியார்பட்டிக்காரி.

"மழை தருதே, சாமி இல்லாம என்ன?" என்று சொல்லிவிட்டு அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

குமுளி ஏறி, தேக்கடிப் படகுத்துறையில் இறங்கி அந்த ஏரியை முதன்முதலில் பார்த்தபோது நடந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். ஏரி என்றால் வட்டமாக, கரையெல்லாம் தெரிகிற மாதிரி, நம்மூர்க் கண்மாயைப் பெரிதாக்கியது போல இருக்கும் என்று நினைத்திருந்தேன். இது அப்படி இல்லை. மலைகளின் இடுக்கெல்லாம் தண்ணீர் புகுந்து, ஒரு வளைவு தாண்டினால் இன்னொரு வளைவு, அது முடிந்தால் மறுபடி ஒன்று என்று போய்க்கொண்டே இருந்தது. தண்ணீருக்கு நடுவில் பட்டுப்போன மரங்கள் கறுப்புக் கறுப்பாக நின்றன. அவற்றின் உச்சியில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அழுதேன் என்று சொல்லிக்கொள்ள வெட்கமில்லை, சந்தோஷ அழுகைதானே.

படகில் மேல் தட்டு முழுக்க எங்களுக்கே கிடைத்தது. நடுவில் வழிவிட்டு இரண்டு பக்கமும் வரிசையாக இருக்கைகள். அக்கா தண்ணீரைக் கண்டாலே பயந்தவர். குற்றாலத்தில்கூட ஓரமாக நின்று சொம்பால் மொண்டு குளிக்கிற ஆள். நடுவழியை ஒட்டிய இருக்கையில் உட்கார்ந்து, முன்னால் இருந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்தவர்தான், அப்புறம் விடவே இல்லை.

படகுக்காரர் ஒருவர் மேலே வந்து எங்களுக்குக் கதை சொன்னார். குமுளித் தமிழ், பாதி மலையாளம். இது தானாக உண்டான ஏரி இல்லை, வெள்ளைக்காரர் காலத்தில் பெரியாற்றின் குறுக்கே அணை கட்டியதால் உண்டானது. மேற்கே ஓடிக் கடலில் விழ வேண்டிய தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிவிட்டார்கள். அப்போது முழுகிய காடுதான் இந்த மொட்டை மரங்கள் என்றார். தேனி, மதுரை வரைக்கும் வயல் விளைவது இந்தத் தண்ணீரில்தானாம்.

எங்களில் ஒருத்திக்கு ஊர் தேவதானம். வீட்டில் வயல் உண்டு, கண்மாய் பெருகவில்லை என்றால் வருஷமெல்லாம் புலம்பல்தான். அவள் கேட்டாள்: "மலையைக் குடைஞ்ச மகராசன், குடைஞ்சதுதான் குடைஞ்சான், எங்க பக்கமும் ஒரு ஓட்டை போட்டிருக்கக் கூடாதா?"

"உங்க பக்கம் எது?" என்று கேட்டார் அவர். சொன்னோம். அவர் கையை நீட்டித் தண்ணீருக்கு அப்பால், ஒன்றன் பின் ஒன்றாக மங்கிப் போகிற மலைகளைக் காட்டினார். "அதோ, அந்த மலைக்கு அப்புறத்து ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்."

எல்லாரும் எழுந்து பார்த்தோம். காலையிலிருந்து குடல் குலுங்க இவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்து, எங்கள் ஊர் மலையின் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்! "அம்புட்டும் சுத்தி எங்க வீட்டுக் கொல்லைக்குத்தானா வந்திருக்கோம்?" என்றாள் செட்டியார்பட்டிக்காரி. சிரிப்பு என்றால் அப்படிச் சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

சிரித்ததில் வந்தது வினை. மில்லில் வேலை பார்க்கிறவர்களுக்கு மெதுவாகப் பேச வராது. ரகசியம் சொன்னாலே அடுத்த தெருவுக்குக் கேட்கும். நாங்கள் போட்ட கூச்சலில் கரையில் ஒரு முயல்கூட நிற்கவில்லை. தூரத்தில் மேய்ந்த மிளா மான்கள் தலையைத் தூக்கிப் பார்த்து, காட்டுக்குள் போய்விட்டன. "சேச்சி, மிண்டாதிருந்தால் ஆனை காணாம்" என்று படகுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். சத்தம் போடாமல் இருந்தால் யானையைப் பார்க்கலாமாம். கீழ்த்தட்டிலிருந்து யாரோ படியேறி வந்து எங்களை முறைத்துவிட்டுப் போனார்கள். எல்லார் கண்ணும் என் மேல் திரும்பியது. யானைக்குப் பொறுப்பு நானாயிற்றே.

அப்போது அக்கா கம்பியிலிருந்து ஒரு கையை மட்டும் எடுத்து, உதட்டைத் தைப்பதுபோலக் காட்டினார். பிறகு விரலை ஆட்டினார்: கையால் பேசுங்கள்.

அட, இது ஏன் எங்களுக்குத் தோன்றவில்லை! அதற்கப்புறம் ஒரு சத்தம் இல்லை. கைகள் மட்டும் பறந்தன. அந்த மரத்தைப் பார், இந்தக் குருவியைப் பார், டீ கிடைக்குமா, உன் புருஷன் இந்நேரம் என்ன செய்வான், சோறு பொங்குவான், குழைத்துவிடுவான். எல்லாமே கையால்தான். படகுக்காரர் எங்களைப் பார்த்துக் குழம்பிப்போய் நின்றார். இவ்வளவு நேரம் கத்திய கூட்டம் திடீரென்று ஊமையாகிவிட்டதே என்று நினைத்திருப்பார். செத்த நேரம் கழித்து ஒரு வளைவைத் தாண்டினோம். இடது கரையில் யானைகள்!

பெரிய யானைகள் சில, நடுவில் ஒரு குட்டி. குட்டி சேற்றில் வழுக்கி வழுக்கி ஏறப் பார்த்தது, தாய் தும்பிக்கையால் பின்னாலிருந்து முட்டுக் கொடுத்தது. எங்களோடு வந்த தெலுங்கு வீட்டுப் பெண் முதலில் எழுந்து, தன்னை மறந்து "ஏனுகு! ஏனுகு!" என்று கத்தினாள். யானையைத்தான் அவர்கள் வீட்டில் அப்படிச் சொல்வார்கள். அதோடு கை பாஷை காற்றில் போயிற்று. வலது பக்கம் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் எழுந்து இடது பக்கம் பாய்ந்தார்கள். நானும்தான் பாய்ந்தேன். முன்னால் நின்றவள் தோளில் முகத்தை வைத்து எட்டிப் பார்த்தேன். பின்னால் நின்றவள் என்னை நெருக்கினாள்.

கால் வழுக்குவதுபோல இருந்தது. என்னவோ என்று நினைத்தேன். மறுபடி வழுக்கியது. தட்டில் உருண்ட ஒரு தண்ணீர்ச் செம்பு என் காலில் மோதிவிட்டுக் கம்பிக்கு அடியில் போய் ஏரியில் விழுந்தது. குனிந்து பார்க்கிறேன், தண்ணீர் எங்களுக்கு நேர் கீழே, கை நீட்டினால் எட்டிவிடும் போல வந்துகொண்டிருக்கிறது. படகுக்காரர் "இரிக்கூ! எல்லாரும் இரிக்கூ!" என்று உட்காரச் சொல்லித் தொண்டை கிழியக் கத்துகிறார். இன்ஜின் சத்தத்திலும் எங்கள் கூச்சலிலும் அது யார் காதிலும் ஏறவில்லை. நான் கத்தினாலும் அதே கதிதான். நகரலாம் என்றால் பின்னால் சுவர் மாதிரி ஆட்கள். குட்டியைப் பார்த்து எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சாவு பக்கத்தில் வந்து நிற்பது தெரியாமல் சிரித்தார்கள்.

அப்போது கேட்டது அந்த விசில்.

மில்லில் எத்தனையோ விசில் கேட்டிருக்கிறேன். அப்படி ஒன்றை அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அத்தனை தலையும் ஒன்றாகத் திரும்பியது. ஸ்ரீவில்லிபுத்தூர் அக்கா இருக்கையின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். முந்தானை எங்கேயோ கிடந்தது. ஒரு கையால் கூரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால், இல்லாத மீசையை முறுக்கு முறுக்கென்று முறுக்கிக்கொண்டிருந்தார்.

நான் சத்தியமாகச் சொல்கிறேன், யோசித்து நடந்தது அல்ல. மேஸ்திரி வருகிறார்! கால்கள் தானாகத் திரும்பின. ஒருத்தி மேல் ஒருத்தி இடிக்கவில்லை, விழவில்லை, எல்லாரும் வலது பக்கம் ஓடவும் இல்லை. மிஷின் சந்துகளுக்குள் நுழைந்து நுழைந்து பழகிய கால்கள், அவரவர் இடத்துக்கு அவரவர் போய் உட்கார்ந்தோம். இடது பக்கத்துக்காரிகள் இடது பக்கம், வலது பக்கத்துக்காரிகள் வலது பக்கம். படகு ஒரு பெரிய ஆட்டம் ஆடியது, பிறகு ஒரு சின்ன ஆட்டம், அப்புறம் நிமிர்ந்து நின்றது. உட்கார்ந்த பிறகுதான் பலருக்குச் சுற்றும் முற்றும் பார்க்கத் தோன்றியது: ஏரிக்கு நடுவில் மேஸ்திரி எப்படி வந்தார்?

விசில் சத்தத்தில் யானைகள் காட்டுக்குள் போய்விட்டன. கடைசியாகக் குட்டியின் வால் மட்டும் தெரிந்தது. படகுக்காரர் தலையில் கைவைத்தபடி தட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து வந்து எங்களை வாயார வைதார். வாங்கிக்கொண்டோம், வேறு என்ன செய்வது? வைது முடித்தபின் அக்காவைப் பார்த்து மரியாதையாகக் கேட்டார்: "சேச்சி போலீஸாணோ?"

அக்காவுக்கு அந்தக் கேள்வி காதில் விழவே இல்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மறுபடி கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி ஆண்டாளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். "அக்கா, நீங்க இல்லன்னா..." என்று ஆரம்பித்தேன்.

"ஏட்டி, வீட்டுல யாரும் சொல்லிராதீக" என்றார் கம்மிய குரலில்.

"படகு சாஞ்சதைத்தான? நாங்க எதுக்கு அக்கா சொல்லப் போறோம்?"

"அதைச் சொன்னாச் சொல்லுங்க. நான் விசில் அடிச்சதைச் சொல்லிராதீக."

எங்களுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தோம். திரும்பும்போது கம்பம் பள்ளத்தாக்கில் மலை வலது கைப் பக்கம் வந்தது. அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்து, "இப்பச் சரியாப் போச்சு" என்று கும்பிட்டுவிட்டுத் தூங்கிப்போனார்.

வீட்டில் யானையைப் பற்றி மட்டும் சொன்னோம். மறுநாள் மேஸ்திரி வந்து, "என்னம்மா, ஏரி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டுக்கொண்டே மீசையைத் தடவினார். அவ்வளவுதான், செக்‌ஷனே மிஷினைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. பாவம், மனிதருக்கு ஒன்றும் புரியவில்லை. தன் மீசை அத்தனை உயிரைக் காப்பாற்றியது தெரியாமல் அன்று முழுக்கக் கோபமாகவே இருந்தார். குமுளியில் வாங்கிய ஏலக்காயில் ஒரு பெரிய பொட்டலம் கொடுத்துச் சமாதானப்படுத்தினோம்.

அடுத்த வருஷமும் போனோம். அதற்கடுத்த வருஷமும் போனோம். குற்றாலம், கன்னியாகுமரி, ஒரு தடவை பக்கத்திலேயே வத்திராயிருப்புக்கு மேலே பிளவக்கல் அணை. படகு என்றால் மட்டும் யாரும் இடம் விட்டு அசைய மாட்டோம். அக்கா கேட்டுக்கொண்டதை அவர் மில்லில் இருந்தவரை அத்தனை பேரும் காப்பாற்றினோம். பொம்பளை வாயில் ரகசியம் தங்காது என்கிறவர்கள் எங்கள் செக்‌ஷனைப் பார்த்ததில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் அக்கா வேலையை விட்டார். மகளுக்குக் கோயம்புத்தூரில் கல்யாணமாகி, அவரும் அங்கேயே போவதாக ஏற்பாடு. கடைசி நாள் சாயங்காலம், சங்கு ஊதியதும் எல்லாரும் ஒன்றாக மில் வாசலைத் தாண்டினோம். ரோட்டில் கூட்டம். டீக்கடையில் ஆண்கள், கூட்டிப்போக சைக்கிளோடு வந்து நின்ற வீட்டுக்காரர்கள், வாசலில் மேஸ்திரி. அக்கா எப்போதும்போலத் தலையைக் குனிந்துகொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார். முதலில் யார் அடித்தது என்று தெரியாது, செட்டியார்பட்டிக்காரி என்றுதான் நினைக்கிறேன். ஒரு விசில். அடுத்த நொடி நாங்கள் அத்தனை பேரும், நாக்குக்கு அடியில் விரலை மடித்து, நடுரோட்டில், எங்கள் புருஷன்மார் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, விசில் அடித்தோம்.

அக்கா நின்றார். திரும்பினார். முகம் சிவந்துபோயிருந்தது. கையால் வாயை மூடாமல், பல் தெரியச் சிரித்தார். பிறகு மெதுவாக விரலை உதட்டின் மேல் வைத்து, மீசையை ஒரு முறுக்கு முறுக்கிவிட்டு பஸ் ஏறிப் போனார்.

அன்று இரவு என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு, "அவிய துணைக்கு வந்ததுனால தப்பிச்சீக" என்றார். இன்று என் பேத்திகள் எங்காவது கிளம்பும்போது வீட்டில் அதே பழைய கேள்வியைத்தான் கேட்கிறார்கள், துணைக்கு யார் வருகிறார்கள் என்று. நான் மேற்கே அந்த மலையைப் பார்த்துக்கொண்டு, எவ்வளவு அடக்கமானவள் என்று கேட்காதீர்கள், ஆபத்து என்றால் ஊர் பார்க்க விசில் அடிப்பாளா என்று கேளுங்கள் என்கிறேன்.